ஆல்கஹால்: பெயரிடுவது, வகை பிரிப்பது, ஆக்சிஜனேற்றுவது – முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்பிலும் சரி, கல்லூரி முதலாண்டிலும் சரி, ஆல்கஹால் பாடம் வந்ததும் பலர் நீண்ட அட்டவணை ஒன்றை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். எதைச் சேர்த்தால் எது கிடைக்கும் என்று வரி வரியாக. தேர்வு முடிந்த மறுவாரம் அதில் கால்வாசி கூட நினைவில் இருப்பதில்லை. இவ்வளவு பாடு தேவையே இல்லை. ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி எந்தக் கார்பனில் ஒட்டியிருக்கிறதோ, அந்த ஒரு கார்பனைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தால் போதும். மூலக்கூறின் பெயர், அதன் வகை, ஆக்சிஜனேற்றினால் என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. அந்தக் கார்பனுக்குக் கார்பினால் கார்பன் என்று பெயர். கட்டுரை முழுக்க அதையே சுற்றி வரப்போகிறோம்.

கையில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். சொல்லும் மூலக்கூறுகளை வரைந்துகொண்டே படித்தால்தான் இது உள்ளே இறங்கும்.

## முதலில், அது ஆல்கஹால்தானா?

ஹைட்ராக்சில் தொகுதியைக் கண்டதும் ஆல்கஹால் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கார்பினால் கார்பன் நான்கு ஒற்றைப் பிணைப்புகளோடு இருக்க வேண்டும். அதே கார்பனில் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பும் இருந்தால் அது கார்பாக்சிலிக் அமிலம். பென்சீன் வளையத்துக் கார்பனில் ஹைட்ராக்சில் நேரடியாக ஒட்டியிருந்தால் அது ஃபீனால். ஃபீனாலின் குணமே வேறு. அது சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு சேர்ந்து உப்பாகிவிடும், சாதாரண ஆல்கஹால் அப்படி ஆகாது.

பென்சைல் ஆல்கஹாலிலும் பென்சீன் வளையம் உண்டு. ஆனால் ஹைட்ராக்சில் வளையத்தில் இல்லை, வளையத்துக்கு வெளியே தொங்கும் கார்பனில் இருக்கிறது. ஆகவே அது அசல் ஆல்கஹால். வேதிப்பெயர் விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயுபிஏசி முறையில் ஃபீனைல்மெத்தனால். வளையத்தைப் பார்த்த அவசரத்தில் இதையும் ஃபீனால் என்று எழுதி மதிப்பெண்ணை விடுபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

## பெயரிடுவது

படி 1: சங்கிலியைத் தேர்ந்தெடுங்கள். மிக நீண்ட கார்பன் சங்கிலி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சங்கிலிக்குள் கார்பினால் கார்பன் இருந்தாக வேண்டும் என்பதுதான் மறந்துபோகிறது. ஓர் உதாரணம்: ஐந்து கார்பன் நேர்ச்சங்கிலி வரையுங்கள். நடுக் கார்பனிலிருந்து ஆறாவது கார்பன் ஒன்றைக் கிளையாகத் தொங்கவிட்டு, அதில் ஹைட்ராக்சிலை ஒட்டுங்கள். கண் தானாக ஐந்து கார்பன் சங்கிலியைத்தான் எடுக்கும். ஆனால் அதில் கார்பினால் கார்பன் இல்லை. கிளைக் கார்பனில் தொடங்கி, நடுக் கார்பன் வழியாக ஏதாவது ஒரு பக்கம் போனால் நான்கு கார்பன்தான் வரும். அதுதான் சரியான சங்கிலி. மீதி இரண்டு கார்பன் எத்தில் கிளை. பெயர் 2-எத்தில்பியூட்டன்-1-ஆல்.

படி 2: எண்ணிடுங்கள். ஹைட்ராக்சில் எந்த முனைக்கு அருகில் இருக்கிறதோ அந்த முனையிலிருந்து தொடங்க வேண்டும். கிளைகளும் இரட்டைப் பிணைப்பும் அதற்குப் பிறகுதான். ஐந்து கார்பன் சங்கிலியில் இடமிருந்து இரண்டாவது கார்பனில் மெத்தில், நான்காவதில் ஹைட்ராக்சில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து எண்ணினால் ஹைட்ராக்சிலுக்கு 4, வலமிருந்து எண்ணினால் 2. ஆகவே வலமிருந்து. பெயர் 4-மெத்தில்பென்டன்-2-ஆல். இது வெறும் புத்தக மூலக்கூறு அல்ல. தாதுவை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் ஆலைகளில் நுரை நிற்பதற்காகச் சேர்க்கிறார்கள். மெத்தில் ஐசோபியூட்டைல் கார்பினால் என்ற பழைய பெயரில் டிரம் டிரம்மாக விற்பனையாகிறது. இதை நினைவில் வையுங்கள், ஆக்சிஜனேற்றத்தில் மறுபடி வரும்.

இரட்டைப் பிணைப்பு இருந்தாலும் இதே விதிதான். நான்கு கார்பன், ஒரு முனையில் இரட்டைப் பிணைப்பு, மறு முனைக்கு அடுத்த கார்பனில் ஹைட்ராக்சில் என்றால் பியூட்-3-என்-2-ஆல். இரட்டைப் பிணைப்புக்கு 1 கிடைக்கட்டும் என்று மறுபக்கத்திலிருந்து எண்ணினால் ஹைட்ராக்சில் 3 ஆகிவிடும், அது தவறு.

படி 3: ஈற்றை மாற்றுங்கள். பென்டேன் என்பதன் ஈறு போய் ‘ஆல்’ வந்தால் பென்டனால். இட எண்ணை அந்த ‘ஆல்’ என்ற ஈற்றுக்கு முன்னால் வைப்பது 1993 ஐயுபிஏசி பரிந்துரையில் வந்த முறை. அதனால்தான் இன்றைய நூல்களில் பென்டன்-2-ஆல் என்றும் பழைய நூல்களில் 2-பென்டனால் என்றும் பார்க்கிறீர்கள். இரண்டும் ஒரே பொருள். ஆய்வகப் பாட்டில்களில் இன்னும் பழைய முறைதான் அதிகம்.

ஹைட்ராக்சில் ஒன்றுக்கு மேல் இருந்தால் டையால், ட்ரையால். அப்போது அல்கேனின் பெயர் முழுதாக நிற்கும். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் ஈத்தேன்-1,2-டையால். கிளிசரால் புரோப்பேன்-1,2,3-ட்ரையால்.

படி 4: கிளைகளை வரிசைப்படுத்துங்கள். வரிசை ஆங்கில அகரவரிசைப்படி. தமிழ்வழியில் படிப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தமிழில் ‘பு’ முந்தும், ‘மெ’ பிந்தும். ஆனால் பெயரில் மெத்தில் முதலில், புரோப்பைல் பிறகு. டை, ட்ரை போன்ற எண்ணிக்கைச் சொற்களை வரிசைக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது.

வளையம் வந்தால் வேலை இன்னும் எளிது, கார்பினால் கார்பன்தான் 1. பிறகு மற்ற கிளைகளுக்குச் சிறிய எண்கள் வரும் திசையில் சுற்றுங்கள். தைலத்திலும் பற்பசையிலும் குளிர்ச்சி தரும் மென்தால் இந்த விதியைப் பழக நல்ல மூலக்கூறு. ஆறு கார்பன் வளையம், ஹைட்ராக்சிலுக்குப் பக்கத்துக் கார்பனில் ஐசோபுரோப்பைல், அதற்கு நேர் எதிர்க் கார்பனில் மெத்தில். ஒரு திசையில் எண்ணினால் கிளைகள் 2, 5. மறு திசையில் 3, 6. சிறியது முதலாவது. ஆகவே 5-மெத்தில்-2-(புரோப்பன்-2-ஐல்)சைக்ளோஹெக்சன்-1-ஆல். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் இதைத் தானாக எழுத வந்துவிட்டால் வளைய ஆல்கஹால் எதற்கும் பயப்பட வேண்டாம்.

படி 5: ஹைட்ராக்சிலை விடப் பெரியவர் யாராவது இருக்கிறாரா பாருங்கள். முன்னுரிமையில் கார்பாக்சிலிக் அமிலம், ஆல்டிஹைடு, கீட்டோன் மூன்றும் ஆல்கஹாலுக்கு மேலே. அமீன் கீழே. மேலே உள்ள தொகுதி ஒன்று மூலக்கூறில் இருந்தால் பெயரின் ஈறு அதற்குப் போய்விடும். நம் ஹைட்ராக்சில் ‘ஹைட்ராக்சி’ என்று முன்னொட்டாக ஒதுங்கிக்கொள்ளும். தயிரின் புளிப்புக்குக் காரணமான லாக்டிக் அமிலம் 2-ஹைட்ராக்சிபுரோப்பனாயிக் அமிலம்.

## வகை பிரிப்பது

கார்பினால் கார்பனோடு வேறு எத்தனை கார்பன் நேரடியாக ஒட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் ஓரிணைய ஆல்கஹால், இரண்டு என்றால் ஈரிணைய, மூன்று என்றால் மூவிணைய. மெத்தனாலில் வேறு கார்பனே இல்லை என்றாலும் அதை ஓரிணைய ஆல்கஹாலோடு சேர்ப்பது வழக்கம்.

இதையே திருப்பிப் பாருங்கள், இன்னும் பயன் அதிகம். கார்பினால் கார்பனில் எத்தனை ஹைட்ரஜன் மிச்சம்? ஓரிணையத்தில் 2, ஈரிணையத்தில் 1, மூவிணையத்தில் 0. மெத்தனாலில் 3. ஆக்சிஜனேற்றத்துக்குத் தேவைப்படுவது இந்த எண்ணிக்கைதான்.

வழுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, ஹைட்ராக்சில்களின் எண்ணிக்கையையும் இந்த வகையையும் குழப்புவது. கிளிசராலில் மூன்று ஹைட்ராக்சில் இருப்பதால் அது மூவிணைய ஆல்கஹால் ஆகிவிடாது. அதன் இரண்டு முனைக் கார்பன்களும் ஓரிணையம், நடுக் கார்பன் ஈரிணையம். ஒரே மூலக்கூறில் இரண்டு வகை. வகை என்பது கார்பனுக்குக் கார்பன் பார்ப்பது, மூலக்கூறு மொத்தத்துக்கும் ஒரே முத்திரை குத்துவது அல்ல.

இரண்டாவது, அமீன் பாடத்தின் பழக்கம் இங்கே புகுந்துவிடுவது. அமீனில் நைட்ரஜனோடு எத்தனை கார்பன் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறோம். ஆல்கஹாலில் ஆக்சிஜனைப் பார்ப்பதில்லை, கார்பனைப் பார்க்கிறோம். அதனால் டெர்ட்-பியூட்டைல் ஆல்கஹால் மூவிணைய ஆல்கஹால், ஆனால் டெர்ட்-பியூட்டைல் அமீன் ஓரிணைய அமீன். ஒரே கார்பன் கூடு, இரண்டு தீர்ப்பு.

பழகிப் பார்க்க வாசனைப் பொருள்களை எடுத்துக்கொள்ளலாம். ரோஜா எண்ணெயிலும் பால்மரோசா புல் எண்ணெயிலும் இருக்கும் ஜெரானியால் 3,7-டைமெத்தில்ஆக்டா-2,6-டைஈன்-1-ஆல். ஹைட்ராக்சில் முனைக் கார்பனில் இருப்பதால் ஓரிணையம். கொத்தமல்லி விதை எண்ணெயின் முக்கியக் கூறான லினலூல் 3,7-டைமெத்தில்ஆக்டா-1,6-டைஈன்-3-ஆல். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் எண்ணிக்கை ஜெரானியாலில் உள்ளபடியே, அணு ஒன்று கூடவில்லை, குறையவில்லை. ஆனால் மூன்றாவது கார்பனில் மெத்திலும் ஹைட்ராக்சிலும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதால் மூவிணையம். மென்தால் ஈரிணையம், கொலஸ்ட்ரால் ஈரிணையம், வைட்டமின் ஏ எனும் ரெட்டினால் ஓரிணையம். பெயரைப் படித்ததுமே வகை சொல்ல வர வேண்டும். லினலூல் பெயரில் ‘3-மெத்தில்’, ‘3-ஆல்’ இரண்டும் ஒரே எண்ணில் இருப்பதைக் கவனியுங்கள். சங்கிலியின் நடுவே அப்படி வந்தாலே மூவிணையம்தான்.

## ஆக்சிஜனேற்றத்தில் உண்மையில் என்ன நடக்கிறது

ஆக்சிஜனேற்றம் என்ற சொல்லைப் பார்த்து ஆக்சிஜன் சேர்கிறது என்று நினைத்தால் முதல் படியிலேயே இடறும். எத்தனால் அசிட்டால்டிஹைடு ஆகும்போது ஆக்சிஜன் எதுவும் சேரவில்லை. இரண்டு ஹைட்ரஜன் வெளியேறுகிறது, ஹைட்ராக்சிலிலிருந்து ஒன்று, கார்பினால் கார்பனிலிருந்து ஒன்று. காலியான இடத்தில் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே இரட்டைப் பிணைப்பு விழுகிறது. ஆக, கார்பினால் கார்பனில் ஹைட்ரஜன் இருந்தால்தான் வேலை நடக்கும்.

- ஓரிணைய ஆல்கஹாலில் இரண்டு ஹைட்ரஜன் உண்டு. ஒன்று போனால் ஆல்டிஹைடு, அடுத்ததும் போனால் கார்பாக்சிலிக் அமிலம்.
- ஈரிணையத்தில் ஒன்றுதான். அது போனதும் கீட்டோன், அதோடு நின்றுவிடும்.
- மூவிணையத்தில் ஹைட்ரஜன் இல்லை. கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்காமல் எதுவும் நடக்காது.

மெத்தனாலின் மூன்று ஹைட்ரஜனும் ஒவ்வொன்றாகப் போகலாம். ஃபார்மால்டிஹைடு, ஃபார்மிக் அமிலம், கடைசியில் கார்பன் டை ஆக்சைடு.

ஆக்சிஜனேற்ற எண் போட்டுப் பார்த்தாலும் இதே கதைதான். எத்தனாலின் கார்பினால் கார்பனுக்கு −1, அசிட்டால்டிஹைடில் அதே கார்பனுக்கு +1, அசிட்டிக் அமிலத்தில் +3. ஒவ்வொரு படிக்கும் இரண்டு எலக்ட்ரான்.

ஆய்வகத்தில் வழக்கமான ஆக்சிஜனேற்றி, அமிலம் கலந்த டைகுரோமேட் என்ற குரோமிய உப்பு. அதில் இது எப்படி நடக்கிறது? ஆல்கஹாலின் ஆக்சிஜன் முதலில் குரோமியத்தோடு பிணைந்து குரோமேட் எஸ்டர் ஆகிறது. அடுத்து கரைசலில் உள்ள நீர் மூலக்கூறு ஒன்று கார்பினால் கார்பனின் ஹைட்ரஜனைப் புரோட்டானாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிணைப்பின் எலக்ட்ரான்கள் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பாக மாற, ஆக்சிஜனுக்கும் குரோமியத்துக்கும் இடையிலிருந்த பிணைப்பு உடைந்து அதன் எலக்ட்ரான்களைக் குரோமியம் வாங்கிக்கொள்கிறது. இதில் இரண்டாவது படிதான் மெதுவானது. இதை 1949-இல் ஃபிராங்க் வெஸ்ட்ஹைமர் அழகாகக் காட்டினார். புரோப்பன்-2-ஆலின் கார்பினால் கார்பனில் இருந்த ஹைட்ரஜனுக்குப் பதிலாக இருமடங்கு எடையுள்ள டியூட்டீரியத்தை வைத்துப் பார்த்தபோது வினை ஏறக்குறைய 6, 7 மடங்கு மெதுவானது. வேகத்தைத் தீர்மானிக்கும் படியில் அந்தக் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு உடையவில்லை என்றால் இவ்வளவு வித்தியாசம் வர வழியில்லை.

## ஆய்வகத்தில்: குழாய்ச் சோதனை

சோதனைக் குழாயில் நீர்த்த கந்தக அமிலம் 2 மில்லிலிட்டர் எடுங்கள். பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் சில துளி விடுங்கள். ஆரஞ்சு நிறம் தெரியும். ஆல்கஹால் ஓரிரு துளி சேர்த்து, சுடுநீர் இருக்கும் பீக்கரில் குழாயை நிறுத்துங்கள். ஆல்கஹால் தீப்பற்றும் என்பதால் பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது. ஓரிணையமோ ஈரிணையமோ என்றால் ஆரஞ்சு மெல்ல மங்கி, கலங்கலான பழுப்புப் பச்சை வழியாகத் தெளிவான பச்சைக்கு வந்து நிற்கும். டைகுரோமேட்டிலிருந்த +6 குரோமியம் +3 ஆகிவிட்டது என்று பொருள். மூவிணையம் என்றால் ஆரஞ்சு அப்படியே இருக்கும்.

பாடநூலில் பெரும்பாலும் சொல்லாத ஒன்று: மூவிணைய ஆல்கஹாலை அமிலத்தில் நீண்ட நேரம் சூடாக்கினால் நீர் நீங்கி, கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்புள்ள அல்கீன் உண்டாகும், அந்த அல்கீனை டைகுரோமேட் தாக்கும், கரைசல் பச்சையாகும். மாணவர் உடனே ‘ஈரிணையம்’ என்று எழுதிவிடுவார். சில நிமிடங்களில் நிறம் மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள், அரைமணி நேரம் காய்ச்சிக்கொண்டிருக்காதீர்கள். அப்புறம், ஆல்டிஹைடும் இதே பச்சையைக் கொடுக்கும். ஆகவே பச்சை வந்தால் ஆல்கஹால் என்று உறுதி ஆகிவிடாது.

+6 குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. கையுறை அணியுங்கள், மிச்சத்தைத் தொட்டியில் கொட்டாதீர்கள், தனிப் பாட்டிலில் சேகரியுங்கள். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் அந்த வட்டார நிலத்தடி நீரை என்ன பாடு படுத்தியது என்று தெரிந்தவர்களுக்கு இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

## ஆல்டிஹைடில் நிறுத்துவதா, அமிலம் வரை போவதா?

இந்தப் பாடத்தில் மூளைக்கு வேலை வைக்கும் கேள்வி இதுதான். ஒரே எத்தனால், ஒரே டைகுரோமேட், ஒரே அமிலம். கருவியை மாற்றி அமைத்தால் விளைபொருள் மாறிவிடுகிறது. காரணம் கொதிநிலை. அசிட்டால்டிஹைடு 20 டிகிரியிலேயே கொதிக்கும். எத்தனாலுக்கு 78 டிகிரி, அசிட்டிக் அமிலத்துக்கு 118.

ஆல்டிஹைடு வேண்டும் என்றால், சூடான அமிலத்தில் எத்தனாலும் டைகுரோமேட்டும் கலந்த கரைசலைத் துளித்துளியாக விடுங்கள். பிறந்த ஆல்டிஹைடு அந்தச் சூட்டில் நிற்க முடியாமல் ஆவியாகிக் குளிர்விப்பானுக்குள் போய்விடும். அதைப் பனிக்கட்டியில் வைத்த குடுவையில் பிடித்துக்கொள்ளலாம். ஆக்சிஜனேற்றியின் கையில் இரண்டாவது முறை சிக்குவதற்கு முன்பே தப்பிவிடுகிறது. எத்தனாலின் அளவு ஆக்சிஜனேற்றியை விட மிகுதியாக இருப்பது நல்லது.

அமிலம் வேண்டும் என்றால் குளிர்விப்பானைக் குடுவையின் தலைமேல் செங்குத்தாக நிறுத்துங்கள். ரிஃப்ளக்ஸ் என்பது இதுதான். மேலே போகும் ஆவியெல்லாம் குளிர்ந்து குடுவைக்குள்ளேயே சொட்டும். இப்போது டைகுரோமேட் மிகுதியாக இருக்க வேண்டும். அரைமணி நேரம் போல ரிஃப்ளக்ஸ் செய்து, பிறகு வடித்தால் வினிகர் நெடியோடு அசிட்டிக் அமிலம் வரும்.

ஆல்டிஹைடு ஏன் இவ்வளவு சுலபமாக அமிலமாகிறது? அது நீரோடு சேர்ந்து, ஒரே கார்பனில் இரண்டு ஹைட்ராக்சில் உள்ள ஹைட்ரேட்டாக மாறுகிறது. அந்தக் கார்பனில் இன்னும் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. அதாவது, டைகுரோமேட்டின் கண்ணுக்கு அதுவும் ஓர் ஆல்கஹால்தான். மறுபடி அதே எஸ்டர், அதே ஹைட்ரஜன் இழப்பு. கீட்டோனும் ஹைட்ரேட் ஆகலாம், ஆனால் பறிக்க ஹைட்ரஜன் இல்லை.

அப்படியானால் நீரே இல்லாமல் செய்தால்? கோரேயும் சக்ஸும் 1975-இல் வெளியிட்ட பிரிடினியம் குளோரோகுரோமேட், சுருக்கமாகப் பிசிசி, செய்வது அதைத்தான். உலர்ந்த டைகுளோரோமீத்தேனில் ஓரிணைய ஆல்கஹாலோடு சேர்த்தால் ஹைட்ரேட் உண்டாக வழியில்லை, வினை ஆல்டிஹைடோடு நிற்கும். தேர்வில் ‘பிசிசி’ என்று கண்டால் ஆல்டிஹைடு என்று எழுத எல்லோருக்கும் தெரியும். நீர் இல்லை என்பதே காரணம் என்று சேர்த்து எழுதுபவர் குறைவு. குரோமியமே வேண்டாம் என்பவர்களுக்கு −78 டிகிரியில் செய்யும் ஸ்வெர்ன் முறையும், 1983-இல் வந்த டெஸ்–மார்ட்டின் வினைக்காரணியும் உண்டு. ஸ்வெர்ன் முறையில் உண்டாகும் டைமெத்தில் சல்ஃபைடின் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் மாடி முழுக்கப் பரவும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஜெரானியால் போல இரட்டைப் பிணைப்பும் உள்ள மூலக்கூறில் வலுவான ஆக்சிஜனேற்றியான பெர்மாங்கனேட்டைப் போட்டால் இரட்டைப் பிணைப்புகளையும் சேர்த்துச் சிதைத்துவிடும். அங்கே மாங்கனீஸ் டை ஆக்சைடு உதவும். இரட்டைப் பிணைப்புக்கோ பென்சீன் வளையத்துக்கோ அடுத்து உட்கார்ந்திருக்கும் கார்பினால் கார்பனை மட்டும் மென்மையாகத் தொட்டு ஆல்டிஹைடோடு விட்டுவிடும். ஜெரானியாலிலிருந்து கிடைப்பது ஜெரானியல். எலுமிச்சைப் புல் எண்ணெயின் மணத்துக்குக் காரணமான சிட்ராலின் ஒரு பாதி அது. ரோஜா வாசம் எலுமிச்சை வாசமாக மாறுவதற்கு இரண்டு ஹைட்ரஜன் போனால் போதும்.

ஈரிணையத்தில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. மென்தால் மென்தோன் ஆகும். நாம் முதலில் பார்த்த 4-மெத்தில்பென்டன்-2-ஆல் 4-மெத்தில்பென்டன்-2-ஓன் ஆகும், பெயின்ட் கரைப்பானாக விற்கும் மெத்தில் ஐசோபியூட்டைல் கீட்டோன் அதுவே. கல்லூரி ஆய்வகத்தில் சைக்ளோஹெக்சனாலை சைக்ளோஹெக்சனோன் ஆக்க இப்போது அசிட்டிக் அமிலத்தோடு சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது சலவைக்குப் போடும் பிளீச்சையே பயன்படுத்துகிறார்கள். நல்ல மாற்றம். புகைக்கூண்டுக்குள்தான் செய்ய வேண்டும், வலுவான அமிலம் அதில் பட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

ஆலைகளில் ஆக்சிஜனேற்றியே இல்லாமல் ஹைட்ரஜனை நீக்குவதும் உண்டு. 573 கெல்வினில் சூடான தாமிரத்தின் மேல் ஆவியைச் செலுத்தினால் ஓரிணையம் ஆல்டிஹைடாகவும் ஈரிணையம் கீட்டோனாகவும் மாறும். மூவிணையம் வழக்கம்போல முரண்டு பிடித்து, நீரை இழந்து அல்கீனாகும். தேர்வுத்தாளில் அடிக்கடி தலைகாட்டும் வரி இது.

## எவ்வளவு சேர்ப்பது? கணக்கு

சமன்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டாம், எலக்ட்ரானை எண்ணுங்கள். ஒரு டைகுரோமேட் அயனி 6 எலக்ட்ரான் வாங்கும். ஆல்கஹால் ஆல்டிஹைடாகவோ கீட்டோனாகவோ மாறும்போது 2 எலக்ட்ரான் கொடுக்கும். ஆகவே 3 மோல் ஆல்கஹாலுக்கு 1 மோல் டைகுரோமேட். அமிலம் வரை போனால் 4 எலக்ட்ரான், எனவே 3 மோலுக்கு 2 மோல்.

6 கிராம் புரோப்பன்-2-ஆல் இருக்கிறது. மோலார் நிறை 60, ஆகவே 0.1 மோல். டைகுரோமேட் 0.033 மோல் வேண்டும், மோலார் நிறை 294, ஆகவே 9.8 கிராம். கிடைக்க வேண்டிய அசிட்டோன் 5.8 கிராம். உங்கள் கையில் 4.35 கிராம்தான் வந்தது என்றால் விளைச்சல் 75 சதவீதம். இதே 0.1 மோல் எத்தனாலை அசிட்டிக் அமிலமாக்க 19.6 கிராம் டைகுரோமேட், சரியாக இருமடங்கு.

## உடலுக்குள் இதே வினை

நம் கல்லீரலுக்குள் டைகுரோமேட் இல்லை, ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியும் என்ஏடி என்ற துணை நொதியும் இருக்கின்றன. எத்தனாலின் கார்பினால் கார்பனிலிருந்து அதே ஹைட்ரஜனைத்தான் இவையும் எடுக்கின்றன. அசிட்டால்டிஹைடு வருகிறது, இன்னொரு நொதி அதை அசிட்டேட் ஆக்குகிறது, உடல் அதை எரித்துவிடுகிறது.

மெத்தனால் உள்ளே போனாலும் நொதி பேதம் பார்ப்பதில்லை. ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம். மனித உடலால் ஃபார்மிக் அமிலத்தை வேகமாக அகற்ற முடியாது. அது தேங்கி, இரத்தத்தை அமிலமாக்கி, பார்வை நரம்பைத் தாக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததன் பின்னால் இருந்த வேதியியல் இதுதான். மெத்தனாலை விட அதன் ஆக்சிஜனேற்ற விளைபொருளே கொல்கிறது என்பதால் சிகிச்சையும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதுதான். ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த நொதியை முடக்கும். அது கிடைக்காத இடத்தில் மருத்துவக் கண்காணிப்பில் எத்தனாலையே கொடுப்பார்கள். நொதி எத்தனாலை அதிகம் விரும்புவதால் மெத்தனால் மாறாமல் காத்திருந்து, சிறுநீரிலும் டயாலிசிஸிலும் வெளியேறும்.

போக்குவரத்துப் போலீசார் ஊதச் சொல்லும் கருவியிலும் இதே வினைதான். 1954-இல் ராபர்ட் போர்கென்ஸ்டீன் உருவாக்கிய பிரெத்தலைசரில் டைகுரோமேட்டின் நிறம் எவ்வளவு மங்கியது என்று அளந்தார்கள். இப்போதைய கருவிகள் பலவற்றில் மூச்சிலுள்ள எத்தனால் பிளாட்டினம் மின்முனையில் அசிட்டிக் அமிலமாகிறது, அதில் பாயும் மின்னோட்டத்தை அளக்கிறார்கள்.

## நான்கு பாட்டில்கள்

இதுவரை பார்த்ததைச் சேர்த்து ஒரு கணக்கு. பெயர்ச்சீட்டு இல்லாத நான்கு பாட்டில். நான்கிலும் நான்கு கார்பன், பத்து ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் கொண்ட ஆல்கஹால். சாத்தியமானவை: பியூட்டன்-1-ஆல், பியூட்டன்-2-ஆல், 2-மெத்தில்புரோப்பன்-1-ஆல், 2-மெத்தில்புரோப்பன்-2-ஆல். எது எது?

முதலில் பாட்டில்களைக் குளிரூட்டிய அறையில் வைத்துப் பாருங்கள். ஒன்று உறைந்திருக்கும். 2-மெத்தில்புரோப்பன்-2-ஆல் ஏறக்குறைய 25 டிகிரியில் உருகுவது, வெயில் நாளில் திரவம், ஏசி அறையில் படிகம். அதைக் கையில் பிடித்தாலே ஓரத்தில் உருகத் தொடங்கும். டைகுரோமேட்டில் அதற்கு மட்டும் ஆரஞ்சு மாறாது.

அடுத்து லூகாஸ் சோதனை. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நீரற்ற துத்தநாக குளோரைடைக் கரைத்த கரைசல். மூவிணையம் உடனே கலங்கும், ஈரிணையம் 5 முதல் 10 நிமிடத்தில் கலங்கும், ஓரிணையம் அறை வெப்பத்தில் தெளிவாகவே நிற்கும். மெதுவாகக் கலங்கும் பாட்டில் பியூட்டன்-2-ஆல். உறுதி செய்ய அயடோஃபார்ம் சோதனை: அயோடினும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்தால் மஞ்சள் வீழ்படிவு. கார்பினால் கார்பனில் ஒரு மெத்திலும் ஒரு ஹைட்ரஜனும் இருந்தால்தான் அது வரும், நான்கில் பியூட்டன்-2-ஆலுக்கு மட்டுமே அந்த அமைப்பு. லூகாஸில் ஓர் எச்சரிக்கை, பென்சைல் ஆல்கஹால் ஓரிணையமாக இருந்தும் உடனே கலங்கும். அதன் கார்பன் நேரயனி வளையத்தால் நிலைப்படுவதே காரணம். நம் நான்கில் அந்தச் சிக்கல் இல்லை.

மிச்சம் இரண்டு. பியூட்டன்-1-ஆல், 2-மெத்தில்புரோப்பன்-1-ஆல். இரண்டும் ஓரிணையம். டைகுரோமேட்டில் இரண்டும் பச்சை, லூகாஸில் இரண்டும் தெளிவு, அயடோஃபார்மில் இரண்டுக்கும் ஒன்றுமில்லை. இரண்டின் ஆல்டிஹைடும், ஆல்டிஹைடைக் கண்டுபிடிக்க உதவும் டாலன்ஸ் கரைசலில் (அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட்) வெள்ளி ஆடி தரும். கார்பினால் கார்பனில் ஒரே எண்ணிக்கையில் ஹைட்ரஜன் இருப்பதால் அதைப் பார்க்கும் சோதனை எதுவும் இவற்றைப் பிரிக்காது. வித்தியாசம் அடுத்த கார்பனின் கிளையில். அதற்குக் கொதிநிலையைத்தான் பார்க்க வேண்டும். நேர்ச்சங்கிலி 118 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், கிளைச்சங்கிலி 108-லேயே கொதித்துவிடும்.